கடப்பாரையும் கரணையும் ஒரே கையில்: பெருவிழுங்கிச் செல்கள் பற்றி ஓர் அறிமுகம்

தாராவியில் 90 அடிச் சாலையை ஒட்டிய எங்கள் சந்தில், மேல்வீட்டுப் பையன் சென்ற மாதம் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலை நன்றாகச் சிராய்த்துக்கொண்டு வந்தான். காயத்தைக் கழுவி, ஊசி போட்டு, கட்டும் கட்டியாயிற்று. மூன்றாம் நாள் காலையில் கட்டைப் பிரித்துப் பார்த்த அவனுடைய தாயார் என்னிடம் வந்தார். அவர் திருநெல்வேலிப் பக்கத்தவர். மாலை வேளைகளில் இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் உயிரியல் சொல்லிக்கொடுப்பதால், உடம்பைப் பற்றிய கேள்விகள் பெரும்பாலும் என்னிடம்தான் வந்து சேரும். "அண்ணாச்சி, காயத்தச் சுத்திச் செவந்து கெடக்கு, தொட்டா சுடுது. இது ஆறுதா, பழுக்குதா?" என்று கேட்டார்.

எளிய கேள்விதான், ஆனால் நோயெதிர்ப்பு அறிவியலின் ஒரு முக்கியமான சிக்கல் அதற்குள் அப்படியே அடங்கியிருக்கிறது. காயத்தைச் சுற்றியுள்ள சிவப்பும் சூடும் வீக்கமும் கிருமிகளோடு நடக்கும் சண்டையின் அடையாளங்கள். சில நாள் கழித்து அதே இடத்தில் இளஞ்சிவப்பாகத் தளிர்க்கும் புதுத் திசு, ஆறுவதன் அடையாளம். இவ்விரண்டு வேலைகளுக்கும் தனித்தனிப் படைகள் இருப்பதாகத்தான் நாம் இயல்பாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இரண்டிலும் முன்னின்று வேலை செய்வது ஒரே இனத்துச் செல். இடிக்க வந்தவனே கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுக் கரணையைக் கையில் எடுப்பதைப் போன்றது இது. எப்போது இடிப்பது, எப்போது பூசுவது என்பதை அந்தச் செல் எப்படி அறிகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இந்தச் செல்லுக்கு ஆங்கிலவழிப் பெயர் மேக்ரோஃபேஜ். பெரியது, தின்பது என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. தமிழில் பெருவிழுங்கி என்பார்கள். ஒரு மில்லிமீட்டரை ஐம்பது கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவு இருக்குமோ, ஏறத்தாழ அதுதான் இதன் அகலம். நமக்கு இது தூசு; கிருமிக்கோ மலை. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை மைக்ரான் என்பார்கள். காசநோய்க் கிருமியின் நீளம் 2 முதல் 4 மைக்ரான் வரைதான். பெருவிழுங்கியோ 20 மைக்ரான் அளவில் இருக்கும். அது கிருமியைத் தன் சவ்வால் மெல்லச் சூழ்ந்து, ஒரு பைக்குள் அடைத்து, உள்ளே இழுத்துக்கொள்கிறது.

இதை முதலில் தெளிவாகக் கண்டவர் ரஷ்யப் பேரரசில் பிறந்த விலங்கியலாளர் எலி மெச்னிகாஃப். 1882ஆம் ஆண்டின் இறுதியில் சிசிலித் தீவின் மெசினா நகரில் அவர் தங்கியிருந்தார். வீட்டார் எல்லாரும் சர்க்கஸ் பார்க்கச் சென்றிருந்த ஒரு நாளில், தனியாக உட்கார்ந்து, கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீன் இளவுயிரிகளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றுக்குள் ஊர்ந்து திரியும் செல்களைக் கண்டதும், இவை உடம்பைக் காக்கத்தான் அலைகின்றன என்றால் ஒரு முள் தைத்த இடத்தில் வந்து கூடவேண்டுமே என்று அவருக்குத் தோன்றியது. தோட்டத்து ரோஜாச் செடியிலிருந்து முட்களை எடுத்து இளவுயிரிகளின் தோலுக்கடியில் செருகினார். மறுநாள் காலை பார்த்தபோது முட்களைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன. அந்த ஊகத்திலிருந்து வளர்ந்த ஆய்வுகளுக்காக 1908இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மும்பைவாசிகளுக்கு இதில் ஒரு சிறு உறவு உண்டு. பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனத்தைப் பேருந்தில் கடந்து செல்லாதவர்கள் குறைவு. 1896இல் இந்நகரில் பிளேக் பரவியபோது இங்கு வந்து, 1897 ஜனவரியில் தாம் உருவாக்கிய தடுப்பூசியை முதலில் தமக்கே போட்டுப் பார்த்தவர் வால்டெமார் ஹாஃப்கின். அவர் ஒடெசாப் பல்கலைக்கழகத்தில் மெச்னிகாஃபின் மாணவர்.

பெருவிழுங்கிகள் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருப்பவை என்று பலர் நினைக்கிறார்கள். இரத்தத்தில் சுற்றுவது மோனோசைட் எனப்படும் வெள்ளணு. அது இரத்தக்குழாயை விட்டு இறங்கித் திசுவுக்குள் நுழைந்த பிறகுதான் பெருவிழுங்கியாக உருமாறுகிறது. இவை தவிர, நாம் கருவில் இருந்த காலத்திலேயே உறுப்புகளில் குடியேறி, அங்கேயே பெருகி வாழும் நிரந்தரவாசிகளும் உண்டு. கல்லீரலில் இருப்பவை கூஃபர் செல்கள், மூளையில் இருப்பவை மைக்ரோகிளியா. நுரையீரலின் காற்றறைகளில் இருப்பவை நாம் நாள்தோறும் உள்ளிழுக்கும் புகையையும் கட்டடத் தூசியையும் விழுங்கிக் கறுத்துப்போகின்றன. மண்ணீரலில் இருப்பவற்றின் வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 120 நாள் வாழ்ந்து மூப்படைந்த சிவப்பணுக்களை அவை விழுங்கி, அவற்றிலுள்ள இரும்பைப் பிரித்தெடுத்து, புதிய சிவப்பணுக்களுக்குத் திருப்பித் தருகின்றன. இந்த வழியில் ஒரு நாளைக்குக் கிடைக்கும் இரும்பு 20 முதல் 25 மில்லிகிராம். சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வதோ வெறும் 1 அல்லது 2 மில்லிகிராம்தான்.

ஊரில் பாட்டிமார் முன்கையில் பச்சை குத்திக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஐம்பது அறுபது ஆண்டு கழிந்தும் அந்தக் கோலம் அழியாமல் இருப்பதற்குத் தோலிலுள்ள பெருவிழுங்கிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. அவை மைத்துகளை விழுங்குகின்றன. செரிக்க முடியாமல் வைத்துக்கொண்டு இருக்கின்றன. அவை இறக்கும்போது, பக்கத்துக்குப் புதிதாக வந்த பெருவிழுங்கி அதே மையை வாங்கிக்கொள்கிறது. எலிகளில் இந்தக் கைமாற்றத்தை 2018இல் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இனி முழங்காலுக்கு வருவோம். தோல் கிழிந்த சில நிமிடங்களிலேயே அங்கு ஏற்கெனவே குடியிருக்கும் பெருவிழுங்கிகள் ஆபத்தை உணர்கின்றன. அவற்றின் மேற்பரப்பிலும் உள்ளேயும் டோல் போன்ற ஏற்பிகள் என்ற உணர்விகள் இருக்கின்றன. பாக்டீரியாவின் சுவரில் மட்டுமே காணப்படும், நம் உடம்பில் எங்குமே இல்லாத மூலக்கூறுகளை அந்த உணர்விகள் அடையாளம் காண்கின்றன. கண்டவுடன் பெருவிழுங்கி டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 ஆகிய செய்திப் புரதங்களைச் சுரக்கிறது. அவற்றால் அருகிலுள்ள இரத்தக்குழாய்கள் விரிந்து கசிகின்றன. அதனால்தான் சிவப்பும் சூடும் வீக்கமும். அதே புரதங்கள் மிகுதியாகி இரத்தத்தில் கலந்து மூளையை எட்டினால் காய்ச்சல் வரும். அதாவது காய்ச்சலைக் கிருமி நேராகக் கொண்டுவருவதில்லை. கிருமியைக் கண்ட நம் செல்களே பெரும்பாலும் அதை உண்டாக்குகின்றன.

அழைப்பைக் கேட்டு முதலில் ஓடி வருபவை நியூட்ரோஃபில் என்ற வேறு வகை வெள்ளணுக்கள். வேகமும் மூர்க்கமும் மிக்கவை. ஆனால் பெரும்பாலானவை ஓரிரு நாளில் மடிந்துவிடும். சீழ் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இவற்றின் பிணக்குவியலே. இவற்றைத் தொடர்ந்து, முதல் இரண்டு மூன்று நாளில், மோனோசைட்டுகள் திரளாக இறங்கிப் பெருவிழுங்கிகளாகின்றன. அந்தத் தாயார் கேட்ட மூன்றாம் நாள் என்பது இவற்றின் ஆட்சி உச்சத்தில் இருக்கும் நேரம்.

இப்போது இவை போர்க்கோலத்தில் இருக்கின்றன. விழுங்கிய கிருமி அடைபட்டிருக்கும் பைக்குள் அமிலத்தைச் செலுத்துகின்றன. செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோம் என்ற பையை அதனோடு இணைக்கின்றன. ஆக்சிஜனிலிருந்து நச்சு மூலக்கூறுகளை உண்டாக்கி உள்ளே கொட்டுகின்றன. இந்த நேரத்தில் அவை சக்தி பெறும் முறையும் மாறிவிடுகிறது. நிதானமாக ஆக்சிஜனைக் கொண்டு சர்க்கரையை முழுக்க எரிக்காமல், அரைகுறையாக, ஆனால் மிக விரைவாக உடைத்துச் சக்தியை எடுக்கின்றன. பந்தியில் ஆட்கள் காத்திருக்கும்போது எரிபொருள் செலவை யாரும் பார்ப்பதில்லை அல்லவா?

இந்தப் போர்க்கோலம் முழுமையாக வேண்டுமென்றால் கிருமியைக் கண்டது மட்டும் போதாது. மேலிடத்து உத்தரவு ஒன்றும் வரவேண்டும். 1960களில் ஆஸ்திரேலியரான ஜார்ஜ் மக்கனெஸ், ஒரு தொற்றைச் சந்தித்த எலியின் பெருவிழுங்கிகள் மற்றொரு கிருமியையும் முன்பைவிடத் திறமையாகக் கொல்வதைக் கண்டு, செல்களின் இந்த எழுச்சியைத் தூண்டல் என்று விவரித்தார். அந்தத் தூண்டலைத் தருவது, வெள்ளணுக்களில் வேறு இரண்டு வகைகளான டி செல்களும் இயற்கைக் கொல்லிச் செல்களும் அனுப்பும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதம் என்பது 1980களில் தெளிவாயிற்று. இதன் முக்கியத்துவத்துக்கு ஒரு சான்று: இன்டர்ஃபெரான் காமாவை உணரும் ஏற்பி பிறவியிலேயே பழுதான சில குழந்தைகளுக்கு, காசநோயைத் தடுக்கப் பிறந்ததும் போடப்படும் பிசிஜி தடுப்பூசியிலுள்ள வலுவிழந்த கிருமியே கடும் நோயாகிவிடுகிறது. அவர்களிடம் பெருவிழுங்கிகள் இருக்கின்றன. கிருமியை விழுங்கவும் செய்கின்றன. ஆனால் கொல்லச் சொல்லும் உத்தரவு காதில் விழுவதில்லை.

சண்டை எப்போது முடிந்தது என்பதை யார் சொல்வது? அதற்குத் தனி அதிகாரி இல்லை. பெருவிழுங்கி எதைத் தின்கிறது என்பதே அதற்குக் கிடைக்கும் முக்கியமான செய்தி. தொடக்கத்தில் கிருமிகளைத் தின்றுகொண்டிருந்த செல், போகப்போகக் கிருமிகள் குறைந்து, மடிந்த நியூட்ரோஃபில்களையே பெரும்பாலும் தின்னவேண்டிய நிலைக்கு வருகிறது. முறையாக மடியும் ஒரு செல், தன் சவ்வின் உட்பக்கத்தில் இருக்கவேண்டிய பாஸ்பட்டிடைல்செரின் என்ற கொழுப்பை வெளிப்பக்கமாகத் திருப்பிக் காட்டும். என்னை எடுத்துச் செல்லலாம் என்பதற்கான அடையாளம் அது. அந்த அடையாளத்தைத் தொட்டு விழுங்கிய பெருவிழுங்கி டிஎன்எஃபைக் குறைத்துக்கொள்கிறது. அதற்குப் பதிலாக இன்டர்லூக்கின்-10, டிஜிஎஃப்-பீட்டா ஆகியவற்றைச் சுரக்கத் தொடங்குகிறது. முன்னது சண்டையைத் தணிக்கிறது. பின்னது நார்த்திசுச் செல்களை அழைத்துக் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை நூற்கவைக்கிறது. சாவு எடுத்த கையே வீடு கழுவவும் தொடங்குகிறது எனலாம். பிணங்களின் எண்ணிக்கையையே சண்டையின் கணக்காகக் கொண்டு தன் வேலையை ஒரு செல் மாற்றிக்கொள்கிறது என்பது, எத்தனை முறை பாடம் நடத்தினாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இந்த மாற்றத்தை வேதியியலில் காட்ட ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். நிலக்கடலையில் நிறைய இருக்கும் சாதாரணப் பொருள்தான் அது. போர்க்கோலத்தில் உள்ள எலிப் பெருவிழுங்கி ஒரு நொதியைக் கொண்டு ஆர்ஜினினிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற நச்சு வாயுவைச் செய்து கிருமிமேல் ஏவுகிறது. பழுதுபார்க்கும் கோலத்துக்கு வந்ததும், ஆர்ஜினேஸ் என்ற வேறு நொதியைக் கொண்டு அதே ஆர்ஜினினை ஆர்னிதினாக மாற்றுகிறது. ஆர்னிதினிலிருந்து செல்கள் பெருகத் தேவையான பொருள்களும் கொலாஜனுக்கு வேண்டிய புரோலினும் கிடைக்கின்றன. ஒரே அரிசியை ஒரு வீட்டில் கஞ்சிக்கும் இன்னொரு வீட்டில் கோலத்துக்கும் எடுப்பது போன்றதுதான். ஆனால் இங்கே வீடும் ஒன்றே. மனிதப் பெருவிழுங்கிகளில் இந்த நைட்ரிக் ஆக்சைடு வழி எலிகளில் இருக்கும் அளவுக்கு வலுவாகத் தென்படுவதில்லை என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எலிக்குச் சொன்னதை அப்படியே மனிதனுக்கும் எழுதிவிடும் பழக்கம் பாடக்குறிப்புகளில் அதிகம்.

இந்த ஆர்ஜினின் வேறுபாட்டை வைத்துத்தான் 2000ஆம் ஆண்டில் சார்லஸ் மில்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் எம்1, எம்2 என்ற பெயர்களை முன்வைத்தார்கள். எம்1 சண்டையிடுவது, எம்2 ஆற்றுவது. சொல்லிக்கொடுக்க வசதியான பிரிவு என்பதால் எல்லாப் பாடப்புத்தகங்களிலும் நிலைத்துவிட்டது. ஆனால் இது தொடங்குபவர்களைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பது என் கருத்து. எம்1 என்று ஒரு சாதியும் எம்2 என்று வேறொரு சாதியும் உடம்பில் பிறப்பதில்லை. மனிதப் பெருவிழுங்கிகளைப் பலவகைத் தூண்டல்களுக்கு உட்படுத்தி, எந்தெந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்று 2014இல் பார்த்தபோது, இரண்டு பெட்டிகளில் அடங்காத ஒரு பெரும் விரிவே தெரிந்தது. அதே ஆண்டில் இத்துறை ஆய்வாளர்கள் பலர் கூடி, எந்தப் பொருளால் தூண்டப்பட்டது என்பதைச் சேர்த்தே செல்லைக் குறிப்பிடலாம் என்று பரிந்துரைத்தார்கள். ஒரு காயத்தில் எந்த நேரத்தில் பார்த்தாலும் முழுக்க இடிப்பவை, முழுக்கப் பூசுபவை, இரண்டையும் அரைகுறையாகச் செய்பவை எனப் பலவும் கலந்தே இருக்கும். நின்ற இடத்திலேயே வேலையை மாற்றிக்கொள்பவை சில. பிந்தி வந்ததால் தொடக்கத்திலேயே வேறு வேலை பெற்றவை சில.

இதுவரை சொன்னது எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது. நடக்காதபோது என்ன ஆகும் என்பதற்குக் காசநோயைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. நெருக்கமான வீடுகளில் வாழும் எங்களுக்கு அது தெரியாத நோயும் இல்லை. மெச்னிகாஃப் முள்ளைச் செருகிய அதே 1882இல், மார்ச் 24ஆம் நாள், ராபர்ட் கோக் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்ததை அறிவித்தார். இருமலில் தெறித்த துளியோடு காற்றறையில் வந்து இறங்கும் அந்தக் கிருமியைப் பெருவிழுங்கி வழக்கம்போல விழுங்குகிறது. அங்கேதான் கதை திரும்புகிறது. தான் அடைபட்ட பையோடு லைசோசோம் இணைவதைக் கிருமி தடுக்கிறது. பைக்குள் அமிலம் ஏறவேண்டிய அளவுக்கு ஏறுவதில்லை. தன்னைக் கொல்லவேண்டிய அறையையே குடியிருப்பாக்கிக்கொண்டு, 20 மணி நேரத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் நிதானமாகப் பெருகுகிறது. குடலில் வாழும் ஈகோலை பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும் என்பதை இதோடு ஒப்பிட்டால் காசநோய் ஏன் மெல்ல மெல்லக் காட்டிக்கொள்கிறது என்பது விளங்கும்.

டி செல்கள் இன்டர்ஃபெரான் காமாவுடன் வந்து சேரச் சில வாரங்கள் ஆகின்றன. வந்ததும் பெருவிழுங்கிகள் பல விழித்துக்கொண்டு, தடைபட்டிருந்த அமிலமேற்றத்தை மீண்டும் தொடங்குகின்றன. முழுவதும் கொல்ல முடியாத இடங்களில், கிருமி குடியிருக்கும் செல்களைச் சுற்றி மற்றப் பெருவிழுங்கிகள் அடுக்கடுக்காக நெருங்கி நின்று, சில ஒன்றோடொன்று கலந்து பல உட்கருக்கள் கொண்ட பேருருச் செல்களாகி, வெளிவட்டத்தில் டி செல்கள் சூழ, ஒரு முடிச்சாக இறுகுகின்றன. கிரானுலோமா என்று இதற்குப் பெயர். கிருமி தொற்றியவர்களில் வாழ்நாளில் நோயாளியாக மாறுபவர்கள் 100க்கு 5 முதல் 10 பேர் மட்டுமே என்பதற்கு இந்த முற்றுகை ஒரு முக்கியக் காரணம். எச்ஐவி தொற்றால் டி செல்கள் குறைந்தவர்களிடம் முற்றுகை தளர்ந்துவிடுகிறது. மூட்டுவாதத்துக்கு டிஎன்எஃபை அடக்கும் மருந்துகளைக் கொடுக்கும் முன் மருத்துவர்கள் காசநோய்ப் பரிசோதனை செய்யச் சொல்வதும் இதனால்தான்; டிஎன்எஃப் இல்லாமல் முடிச்சு நிலைக்காது, உறங்கிய கிருமி எழுந்துவிடும்.

ஆனால் முற்றுகையிட்டவர்களும் நெடுநாள் நின்றால் மாறிப்போகிறார்கள். முடிச்சின் உள்ளே சில பெருவிழுங்கிகள் கொழுப்புத் துளிகளை நிரப்பிக்கொண்டு நுரைத்த செல்களாகி, கொல்லும் திறனை இழந்து, கிருமிக்கு உணவுக் கிடங்காகவே ஆகிவிடுகின்றன. நடுப்பகுதி செத்துப் பாலாடைக்கட்டி போலக் குழைந்து, ஒரு நாள் மூச்சுக்குழலுக்குள் உடைந்தால், அடுத்தவருக்குத் தொற்றும் இருமல் தொடங்குகிறது. மெல்லப் பெருகுவதும் அவ்வப்போது உறங்கிவிடுவதுமான கிருமிகளை இத்தகைய மூலைகளில் தேடிக் கொல்லவேண்டியிருப்பதால்தான், வழக்கமான காசநோய்க்கும் ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிடச் சொல்கிறார்கள். இருமல் இரண்டாம் மாதத்திலேயே நின்றுவிட்டதே என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் நிறுத்துவது நோயை அல்ல, மருந்தை மட்டுமே.

கோலம் மாறாமல் போவதும் தொல்லைதான். நீரிழிவு உள்ளவர்களின் பாதப் புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடப்பதற்கான காரணங்களில் ஒன்று, அங்குள்ள பெருவிழுங்கிகள் போர்க்கோலத்தைக் களையாமல் இருப்பது. மறுபுறம், பூசும் வேலை எல்லை மீறினால் நுரையீரலிலும் கல்லீரலிலும் நார் படிந்து உறுப்பு இறுகிவிடும். புற்றுக்கட்டிகளும் பெருவிழுங்கிகளைத் தம்மிடம் இழுத்து, ஆற்றும் கோலத்திலேயே வைத்துக்கொண்டு, தமக்கு வேண்டிய இரத்தக்குழாய்களை வளர்த்துக்கொள்கின்றன. அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம்.

அந்தத் தாயாருக்கு நான் சொன்ன பதில் சுருக்கமானது. மூன்றாம் நாளில் காயத்தின் ஓரம் மட்டும் சிவந்து சுடுவது இயல்பு. சிவப்பு நாளுக்கு நாள் அகன்றாலோ, வலி கூடினாலோ, சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். அப்படி எதுவும் நேரவில்லை. இரண்டு வாரத்தில் பொருக்கு உதிர்ந்து, கீழே புதுத்தோல் பளபளவென்று தெரிந்தது.

அதற்கு அடுத்த வாரமே பையன் மறுபடி விழுந்தான். இம்முறை தோல் கிழியவில்லை. கெண்டைக்காலில் இரத்தம் கட்டி நீலம் பாய்ந்தது. நாலைந்து நாளில் நீலம் பச்சையாக மாறியதைக் கண்டு, "விஷம் ஏறுதோ அண்ணாச்சி?" என்று தாயார் பதறினார். குழாயைவிட்டு வெளியே கசிந்த சிவப்பணுக்களை, மண்ணீரலில் நாள்தோறும் நடப்பதுபோலவே, இங்கேயும் பெருவிழுங்கிகள் விழுங்கிப் பிரித்துக்கொண்டிருந்தன. ஹீமோகுளோபினை உடைத்தால் முதலில் பிலிவெர்டின் வரும். அதன் நிறம் பச்சை. அதை மேலும் உடைத்தால் பிலிருபின், அது மஞ்சள். நாளை மறுநாள் மஞ்சளாகும் பாருங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மாலை மாடிப்படியில் அவனை நிறுத்தி, கால்சட்டையை மேலே சுருட்டி, அவரே காட்டினார்: ஓரமெல்லாம் மஞ்சளும், நடுவில் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு மட்டும் இன்னும் பச்சையுமாக இருந்தது.